கொம்பு முளைத்த கிராமபோன்: பழைய பாட்டுப் பெட்டிகள் பழுதுபார்ப்பில் சாகும் விதம்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் மாமா வீட்டுக் கூடத்தில் ஒரு கிராமபோன் இருக்கிறது. ஊமத்தம்பூ போல விரிந்த பெரிய பித்தளைக் குழல், சிவப்பு ரெக்ஸின் ஒட்டிய பெட்டி, நாலு மூலையிலும் பித்தளைப் பூவேலை, முன்னால் நாய்ப்படம் போட்ட ஒரு தகடு. தீபாவளிக்கு வருகிறவர்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளாமல் போவதில்லை. பாட்டுப் போடச் சொல்லி யாராவது கேட்டால் மட்டும் மாமா பேச்சை மாற்றிவிடுவார்.

சில வருடங்களுக்கு முன்புவரை அதற்கு வெளிக்குழலே கிடையாது. பயணப்பெட்டி மாதிரி மூடி எடுத்துப் போகக்கூடிய கறுப்புப் பெட்டி அது. ஹெச்.எம்.வி. (ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ்) 101 என்ற மாடல், 1925ல் வந்தது. 1931ல் 102 வந்து அதன் இடத்தைப் பிடித்தது. எங்கள் தாத்தா ஊருக்கு வெளியே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தாவாக, இருந்தபோது வாங்கியது. தொழிலாளர் குடியிருந்த லயங்களில் கரண்டு இல்லாத காலம். சாயங்காலம் கிராணி வீட்டு வாசலில் பெட்டியைத் திறந்து சாவி கொடுத்தால், லயத்து ஆட்கள் முற்றத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார்களாம். அம்மா சொல்லிக் கேட்டது.

கல்யாண வரவேற்பு ஒன்றுக்காக மாமா அதைப் பழுதுபார்க்கக் கொடுத்தார். பழைய சாமான்களைப் புதுசாக்கித் தருகிற ஓர் ஆள். பெட்டி திரும்பி வந்தபோது கொம்பு முளைத்திருந்தது. “கிராமபோன்னா கொம்பு இருக்கணும் லா, அதான் வைக்கச் சொன்னேன்” என்றார் மாமா.

அந்த ஒரு வாக்கியத்தில்தான் இந்தச் சங்கதி முழுவதும் இருக்கிறது. பழைய பாட்டுப் பெட்டிகள் அலட்சியத்தால் கெடுவதைவிட ஆசையாகச் செய்த பழுதுபார்ப்பால் கெடுவது அதிகம் என்று நான் நினைக்கிறேன். என்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, அந்தப் பெட்டி எப்படிப் பாடுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

1877ல் எடிசன் ஃபோனோகிராபைக் கண்டுபிடித்தார். முதலில் உருளை மேல் சுற்றிய வெள்ளீயத் தாள், அப்புறம் மெழுகு உருளை. அதே 1877ல்தான் சிங்கப்பூருக்கு வந்த ரப்பர்க் கன்றுகளில் சில, எங்களுக்குப் பக்கத்து ஊரான கோலகங்சாரில் நடப்பட்டன. அவற்றில் ஒரு மரத்தை இன்றும் அங்கே வேலி போட்டுக் காட்டுகிறார்கள். இரண்டுக்கும் தொடர்பு கிடையாது, தற்செயல்தான். ஆனால் அப்புறம் தொடர்பு வந்துவிட்டது. 1887ல் தட்டையான இசைத்தட்டுக்குக் காப்புரிமை எடுத்த எமில் பெர்லினர், தன் ஆரம்பத் தட்டுகளைக் கெட்டி ரப்பரில்தான் அழுத்தினார். அது சரிப்படாமல் 1890களில் அரக்குக் கலவைக்கு மாறினார். அந்த அரக்கு இந்தியாவிலிருந்து போனது. 1908ல் கல்கத்தாவிலேயே இசைத்தட்டு ஆலை வந்தது. எடிசனின் உருளை யந்திரம்தான் ஃபோனோகிராப். பெர்லினரின் தட்டு யந்திரம் கிராமபோன். எடிசன் 1929ல் உருளைத் தயாரிப்பையே நிறுத்திவிட்டார். நம் தோட்டப்புறங்களுக்கு வந்தவை பெரும்பாலும் தட்டு ஓட்டும் கிராமபோன்களே. பெரியவர்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் ‘பாட்டுப் பெட்டி’ என்றுதான் சொன்னார்கள், அதுவே போதும்.

இந்தப் பெட்டியில் மின்சாரம் என்ற பேச்சே இல்லை. ஒலியைப் பெருக்குவதும் காற்றுதான். தட்டின் பள்ளத்தில் ஓடும் எஃகு ஊசி பக்கவாட்டில் ஆடுகிறது. அந்த ஆட்டம் ஒரு சின்ன நெம்புகோல் வழியாக, ஊசி மாட்டியிருக்கும் சின்ன ஒலிப்பெட்டிக்குள் இருக்கும் மெல்லிய சவ்வுக்குப் போகிறது. சவ்வு பெரும்பாலும் காக்காப்பொன்னில் செய்தது. மைக்கா என்றால் எல்லாருக்கும் தெரியும். பிந்திய மாடல்களில் அலுமினியம். சவ்வின் நடுக்கம், ஒலிப்பெட்டியைத் தாங்கும் கைக்குழாய் வழியாக இறங்கிக் குழலுக்குள் போய், குழல் மெல்ல மெல்ல விரிய விரிய வெளியே பெரிதாகக் கேட்கிறது. தாத்தாவின் 101க்கும் குழல் உண்டு. அது பெட்டிக்குள்ளே, மோட்டாருக்கு அடியில் வளைந்து போகிறது. பின்பக்கம் வெளியேறும் ஒலி, திறந்து வைத்த மூடியில் பட்டு முன்னால் திரும்புகிறது. மூடியைத் திறந்து வைப்பது தட்டு மாற்றுவதற்காக மட்டுமில்லை. மூடியும் வாத்தியத்தில் ஒரு பகுதி.

மாமா வீட்டில் உள்குழலைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். கைக்குழாயின் அடியை வெட்டி, ஒரு முழங்கைக் குழாயை ஒட்ட வைத்து, அதன் தலையில் பித்தளைக் கொம்பைச் செருகிவிட்டார்கள். கொம்பு பெரிதுதான், ஆனால் வழியில் மூன்று இடத்தில் காற்றுக் கசிகிறது. புட்டுக்குழாயில் ஓட்டை விழுந்தால் ஆவி எங்கே போகும் என்று அத்தையிடம் கேட்டால் தெரியும். தாத்தா வாசலில் உட்கார்ந்து கேட்ட பெட்டி முற்றம் முழுக்க எட்டியது. இந்தக் கொம்பு வைத்த பெட்டி பக்கத்து நாற்காலிக்கே முனகுகிறது.

அதைவிட மோசம், கைக்குழாயை இடம் மாற்றிப் பொருத்தியது. ஊசி தட்டின் ஓரத்திலிருந்து உள்ளே நகரும்போது, பள்ளத்தின் போக்கோடு கூடியமட்டும் இசைந்து போக வேண்டும். அதற்காகவே கைக்குழாயின் நீளம், அதன் கோணம், அது நிற்கும் இடம் எல்லாம் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். அரை அங்குலம் தள்ளி வைத்தால்கூட ஊசி பள்ளத்தின் சுவரைச் சாய்வாகச் சுரண்டும். இந்த ஒலிப்பெட்டிகள் தட்டின் மேல் அழுத்தும் பாரம் நூறு கிராமுக்கு மேல். இப்போதைய ரெக்கார்டு பிளேயர் ஊசிக்கு ஒன்றிரண்டு கிராம்தான். அவ்வளவு பாரத்தோடு சாய்வாகச் சுரண்டினால் என்ன மிஞ்சும்? வரவேற்பு அன்று மாமா போட்டது நாடகப் பாடகர் கிட்டப்பாவின் தட்டு. 1933லேயே மறைந்துவிட்ட மனிதர். அவர் குரலுக்கு இந்த மாதிரித் தட்டுகளைத் தவிர வேறு மூலம் இல்லை. மூன்று முறை ஓடியதும் பள்ளத்திலிருந்து சாம்பல் நிறத் தூள் வந்தது.

ஊசி விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அரக்குத் தட்டில் கல்பொடி கலந்திருக்கும். அது ஊசியைத் தேய்த்துப் பள்ளத்துக்கு ஏற்ற வடிவத்துக்குக் கொண்டுவருவதற்காகவே. அதனால் எஃகு ஊசிக்கு ஆயுள் ஒரு பக்கம், மூன்று நிமிடம். அடுத்த பக்கத்துக்கு வேறு ஊசி. அந்தக் காலத்தில் இருநூறு ஊசி கொண்ட தகர டப்பிகளில் விற்றார்கள். இப்போது ‘ரெஸ்டோர்’ செய்து தருகிறவர்கள் ஒரே ஒரு ஊசியைச் செருகித் தருகிறார்கள். வாங்கியவரும் அதையே வருஷக்கணக்கில் ஓட்டுகிறார். தேய்ந்த ஊசி உளி மாதிரி. ஜப்பான்காரன் காலத்தில் ஊசி கிடைக்காமல் தாத்தா எலுமிச்சை முள்ளைச் சீவி வைத்து ஓட்டினாராம். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் அது தட்டுக்கு நல்லதுதான். முள்ளும் மூங்கிலும் அப்போது கடையிலேயே ஊசியாக விற்ற பொருள்கள். முள் கெடும், தட்டு கெடாது.

இனி ரப்பர். காக்காப்பொன் சவ்வை ஒலிப்பெட்டிக்குள் இரண்டு பக்கமும் மெல்லிய ரப்பர் வளையம் பிடித்திருக்கும். சவ்வு தாராளமாக அசைய வேண்டும், ஆனால் ஓரத்தில் காற்றுப் போகக்கூடாது. இரண்டையும் செய்யக்கூடியது மெத்தென்ற ரப்பர் மட்டுமே. ரப்பர் நாள்பட்டால் காற்றுப் பட்டுக் கெட்டியாகிவிடும் என்று ரப்பர்ப் பால் வெட்டிய ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மரத்தில் உறைந்த ஒட்டுப்பாலைக் காயவிட்டால் எப்படி ஆகிறது என்று பார்த்தவர்கள்தானே. தொண்ணூறு வருஷத்து வளையம் கண்ணாடி வளையல் மாதிரி ஆகிவிடுகிறது. சவ்வு அசைய முடியாமல் ‘கிர்ர்’ என்று இரைகிறது. அசைய முடியாத சவ்வின் எதிர்ப்பு முழுவதும் ஊசி வழியாகத் தட்டின் மேல் இறங்குகிறது.

இதற்கு மருந்து எளிது. அதே தடிமனில் மென்மையான புது ரப்பர்க் குழாயை அளந்து வெட்டிப் பொருத்த வேண்டும். நெம்புகோலின் நுனி சவ்வைத் தள்ளாமலும் இழுக்காமலும் சும்மா தொட்டு நிற்கும்படி சரிபார்த்து, மெழுகு வைத்து மூட வேண்டும். ஒரு சாயங்கால வேலை, கொஞ்சம் பொறுமை, சில காசுக்கு ரப்பர். கிராமபோன் பழுதுபார்ப்பிலேயே குரலுக்கு அதிகம் பயன் தரும் வேலை இதுதான். ஆனால் வெளியே தெரியாது! படம் எடுத்தால் விழாது. அதனால் யாரும் செய்வதில்லை. நான் திறந்து பார்த்த பெட்டிகளில் சைக்கிள் டியூப் துண்டு வைத்ததைப் பார்த்திருக்கிறேன். சவ்வை சிலிகானால் அப்பி ஒட்டியதையும் பார்த்திருக்கிறேன். சிலிகான் வைத்ததைத் திரும்பப் பிரித்தால் காக்காப்பொன் தகடு ஏடு ஏடாக உரிந்துவிடும்.

மோட்டாரில் நடப்பது வேறு கதை. சாவி கொடுக்கும்போது ஓர் உருளைக்குள் பல அடி நீள எஃகுப் பட்டை சுருள்கிறது. பட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்குவதற்காகக் கிராஃபைட் தூள் கலந்த கிரீஸ் பூசியிருப்பார்கள். அது காய்ந்து தார் மாதிரி ஆனதும் சுருள்கள் ஒட்டிக்கொள்ளும். விடுபடும்போது பாட்டுக்கு நடுவே ‘டொம்’ என்று ஓர் இடி. சரியான வைத்தியம், உருளையைத் திறந்து, பட்டையை வெளியே எடுத்து, துடைத்து, புதுக் கிரீஸ் போடுவது. பட்டை விடுபட்டால் கை கிழியும், அதனால் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் நியாயம். ஆனால் அதற்குப் பதிலாகச் செய்வது என்ன? ஓட்டை வழியே துருநீக்கி எண்ணெயை அடித்துவிடுவது. ரெண்டு நாள் ஜோராக ஓடும். அப்புறம் மிச்சக் கிரீஸும் கரைந்து கசிந்து பல்சக்கரமெல்லாம் பிசுபிசுக்கும். சமையல் எண்ணெய், தேங்காய் எண்ணெய் விட்ட பெட்டிகள் இன்னொரு ரகம். அவற்றில் பிசின் உறைந்து, கரப்பானும் எறும்பும் குடியிருக்கும்.

வேகத்தைக் கட்டுப்படுத்த மூன்று சின்ன எடைகள் மெல்லிய விற்பட்டைகளில் சுழல்கின்றன. வேகம் கூடினால் எடைகள் வெளிப்பக்கம் விரிந்து, ஒரு வட்டத் தகட்டை இழுத்துக்கொண்டுபோய்த் தோல் துண்டு ஒன்றில் உரச வைக்கும். நிமிடத்துக்கு 78 சுற்று நிற்பது அந்தச் சின்னத் தோல் துண்டின் தயவில். அது கிழிந்தால் ஒரு சொட்டு எண்ணெய் ஊறிய புதுத் தோலை வைக்க வேண்டும். அதற்கு ஃபோம் துண்டை ஒட்டிவிட்டால் பாட்டு குடித்தவன் நடை நடக்கும். சரி, இவை திருத்தக்கூடிய தவறுகள். திருத்தமுடியாதது, பழைய பிரிட்டிஷ் அளவுத் திருகு இருந்த துளையில் கடையில் கிடைத்த மெட்ரிக் திருகை முறுக்கி இறக்குவது. மரை போனால் போனதுதான்.

நம் ஊர்ச் சூட்டுக்கும் ஈரத்துக்கும் இந்தப் பெட்டிகளிடம் தனிக் கணக்கு உண்டு. ஒலிப்பெட்டியின் சில பாகங்களைத் துத்தநாகக் கலவையில் வார்த்திருப்பார்கள். அந்தக் கலவையில் ஈயம் கொஞ்சம் கலந்துவிட்டிருந்தால் உலோகம் உள்ளுக்குள்ளேயே அரித்து, உப்பி, வெடிக்கும். வெக்கையும் ஈரமும் அதை வேகப்படுத்தும். பார்வைக்கு முழுசாக இருக்கும். கழற்றப் போனால் பிஸ்கட் மாதிரி உடையும். இதைத் தெரியாமல் இடுக்கியைப் போட்டுத் திருகுகிறவர்கள்தான் அதிகம். மரப்பெட்டிகளில் மேல்தோல் மரத்தை மிருகப் பசையால் ஒட்டியிருப்பார்கள். ஈரத்தில் அது விடுபடும், ஆனால் இளஞ்சூட்டில் மறுபடி ஒட்டலாம். அந்தப் பசையின் அழகே அதுதான். அங்கே ரெண்டு டியூப் எபோக்சியைப் பிதுக்கி ஒட்டினவர், அடுத்து வருகிற எந்தத் தச்சருக்கும் வழியில்லாமல் செய்துவிடுகிறார்.

மெருகுக்கும் இதே கதி. பழைய மர கிராமபோன்களின் மெருகு பெரும்பாலும் அரக்கு மெருகு. தட்டும் அரக்கு, பெட்டியின் மேனியும் அரக்கு. இரண்டுமே ஸ்பிரிட்டில் கரையும். பூசணம் பிடித்த தட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துப் பாட்டையே துடைத்துவிட்டவர்கள் உண்டு. பெட்டியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கார் பெயிண்டுப் பட்டறையில் கொடுத்துக் கண்ணாடி மாதிரி வார்னிஷ் அடித்து வாங்குகிறார்கள். தேய்ப்பதில் முதலில் போவது கம்பெனி முத்திரை. அது மரத்தின் மேல் நீரில் நனைத்து ஒட்டிய மெல்லிய படம், விரலால் அழுத்தித் தேய்த்தாலே போய்விடும். அப்புறம் புதிதாக அச்சடித்த ஸ்டிக்கர் ஒன்று வரும், நாய் கொஞ்சம் கொழுத்துப்போய்.

நாயைப் பற்றிச் சொன்னதும் ஒன்று ஞாபகம் வருகிறது. பிரான்சிஸ் பரோ என்ற ஓவியர் வரைந்த அசல் படத்தில் நிப்பர் என்ற அந்த நாய் கேட்டுக்கொண்டிருந்தது எடிசன் வகை உருளை யந்திரத்தை. கிராமபோன் கம்பெனி 1899ல் அந்தப் படத்தை வாங்கும்போது போட்ட நிபந்தனை, உருளை யந்திரத்தை அழித்துத் தங்கள் கிராமபோனை வரைந்து தர வேண்டும் என்பது. அவரும் மேலேயே வரைந்து கொடுத்தார். வெளிச்சம் சாய்வாகப் பட்டால் பழைய யந்திரத்தின் தடம் பெயிண்டுக்கு அடியில் இன்னும் தெரியும். நாய்ப்பட வியாபாரம் தொடங்கியதே ஒரு கொம்பை மாற்றியதில்தான் என்று மாமா பக்கத்து வக்கீல் யாராவது வாதாடலாம்.

ஏன் இப்படிச் செய்கிறோம்? பழுதுபார்க்கிறவர்களைத் திட்டி முடித்துவிடலாம், ஆனால் அவர்கள் கேட்டதைத்தான் தருகிறார்கள். கேட்பது நாம்.

நம் வீடுகளில் ஒரு பொருளுக்கு மரியாதை செய்வது என்றால் அதைத் துலக்குவது. வெள்ளிக்கிழமை புளியும் சாம்பலும் போட்டுக் குத்துவிளக்கைத் தேய்த்தால்தான் வீட்டில் மனுஷர் இருக்கிறார்கள் என்று அர்த்தம். கோயிலுக்குப் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை குடமுழுக்கு. கோபுரத்துப் பொம்மைகளுக்கெல்லாம் புதுப் பெயிண்டு. தோட்டத்துக் கோயில்களும் அப்படித்தான் தகரக் கொட்டகையிலிருந்து கோபுரமாக வளர்ந்தன. அங்கே புதுப்பிப்பதே வழிபாடு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதே கை கிராமபோனிடம் வரும்போதும் புளியைத் தேடுகிறது. பழைய குழல்களுக்கும் பாகங்களுக்கும் நிக்கல் முலாமோ மெல்லிய பூச்சோ இருக்கும். புளி அதை அரித்துக் கீழேயுள்ள பித்தளையைக் காட்டும். ‘தங்கமாட்டம் ஆயிடுச்சு’ என்று சந்தோஷப்படுகிறோம். போனது முலாம்.

இரண்டாவது காரணம் சந்தை. ஈப்போவில் பழங்காலத் தோரணையில் காப்பிக்கடைகள் பெருகிவிட்டன. அவற்றுக்கு மூலையில் வைக்க ஒரு கொம்பு வேண்டும், பாட வேண்டியதில்லை. வட இந்தியப் பட்டறைகளில் இதற்கென்றே செய்த போலிகள் பல வருஷமாக உலகமெங்கும் போகின்றன. அவற்றின் வயிற்றில் இருப்பது பெரும்பாலும் உடைத்தெடுத்த ஒரு பழைய பயணப்பெட்டிக் கிராமபோனின் மோட்டார். வெளியே புதுப் பெட்டி, புதுப் பித்தளைக் கொம்பு, நாய்த் தகடு. எட்டுப் பட்டையாகவோ ஆறு பட்டையாகவோ பெட்டி இருந்து, கொம்பு அளவுக்கு மீறிப் பளபளத்து, ஊசி தட்டின் கடைசிப் பள்ளம்வரை எட்டாமல் நின்றால், அநேகமாக அந்த வகைதான். கொடுமை என்னவென்றால், அந்தப் போலியைப் பார்த்துப் பார்த்து அதுதான் அசல் என்று நம் கண் பழகிவிட்டது. அசல் 101ஐக் கையில் வைத்திருந்த மாமாவே அதைப் போலி மாதிரி மாற்றச் சொல்லிக் காசு கொடுத்தார்.

போன பொருளில் எனக்கு ஆறாதது ஒன்று உண்டு. மூடியின் உட்பக்கத்தில் தாத்தா ஒரு தாள் ஒட்டியிருந்தார். எந்தத் தட்டு எந்தத் தேதியில் வாங்கியது, யாருக்கு இரவல் கொடுத்தது என்று, செக்ரோல் என்ற வருகைப் பதிவேடு எழுதிப் பழகிய கையால் கட்டம் போட்டு வரிசையாக எழுதிய தாள். 1950களின் கடைசியில் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கி, 1960ல் அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தோட்டங்களை வாங்க வைத்த காலம்வரை எத்தனை குடும்பங்கள் எங்கெங்கோ சிதறின. அந்தத் தாளில் அந்த லயத்தில் யார் யார் பாட்டுக் கேட்டார்கள் என்பதாவது இருந்தது. ரெக்ஸின் ஒட்டுவதற்காக அதைச் சுரண்டிவிட்டார்கள். ஒரு படம்கூட யாரும் எடுக்கவில்லை. பழுதுபார்க்கிறவர் அதை அழுக்கு என்று நினைத்திருப்பார். அவருக்கு எப்படித் தெரியும்?

உங்கள் வீட்டில் இப்படி ஒரு பெட்டி இருந்தால், முதலில் சாவி கொடுக்காதீர்கள். ஏற்கெனவே சாவி கொடுத்து நிற்கிறதென்றால் மெல்ல ஓடவிட்டுப் பட்டையைத் தளர்த்திவிடுங்கள். எல்லாப் பக்கமும் படம் எடுங்கள், திருகுகள் உட்பட. உலர்ந்த தூரிகையால் தூசி தட்டினால் போதும். மெருகு என்ன வகை என்று தெரிய, கண்ணுக்குப் படாத மூலையில் பஞ்சில் ஒரு துளி ஸ்பிரிட் தொட்டுப் பார்க்கலாம், பிசுபிசுத்தால் அரக்கு. பழுதுபார்க்கக் கொடுக்கிறீர்கள் என்றால் ‘புதுசு மாதிரி ஆக்குங்கள்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். ரப்பர், கிரீஸ், தோல் என்று கேளுங்கள். கழற்றுகிற எல்லாப் பாகத்தையும் உடைந்ததோடு சேர்த்துத் திருப்பிக் கேளுங்கள். லாங்பிளே தட்டை அதில் வைத்துப் பார்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள், ஒரே ஓட்டத்தில் அது போய்விடும்.

கழற்றிய பாகத்தைக் கேட்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. போன பொங்கலுக்குப் போனபோது அத்தை ஒரு மைலோ டின்னைக் கொண்டுவந்து வைத்தார். பழுதுபார்த்தவர் திருப்பிக் கொடுத்த ‘குப்பை’. உள்ளே தாத்தாவின் பழைய ஒலிப்பெட்டி இருந்தது, காக்காப்பொன் தகடு உடையாமல். ஊசி மாட்டும் திருகின் ஓரத்தில் அரம் வைத்து ராவிய ஒரு தழும்பு. எலுமிச்சை முள்ளுக்கு இடம் பண்ணின இடமாக இருக்க வேண்டும். ரப்பர் வளையம் மட்டும் கல்லாகியிருந்தது. அதை மாற்றி, என்னிடம் இருக்கும் இன்னொரு 101ல் பொருத்தினேன். ஓரம் உடைந்த ஒரு சுந்தராம்பாள் தட்டைப் போட்டதும், சமையலறையிலிருந்த அத்தை கரண்டியோடு வந்து வாசலில் நின்றுவிட்டார்.

உள்குழல் கிடைக்கவில்லை, தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்தால் மாமா கொம்பைக் கழற்றச் சம்மதிப்பாரா என்பது வேறு பேச்சு. அத்தை அதில் பிளாஸ்டிக் பூ செருகி வைத்திருக்கிறார், நன்றாகத்தான் இருக்கிறது.